செருப்பைக் கையில் பிடித்த படை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ரகரமா பெரிய றகரமா என்று யோசிப்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்த சமயம். நைனார்பாளையத்திலிருந்து சின்னசேலம் போகிற சாலையில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் விடியற்காலையில் காலனிக்காரன் ஒருவன் அதை ஒரு மாட்டுவண்டி நுழைகிற அளவுக்கு அறுத்து, பிரசவ வலி எடுத்த மனைவியைச் சின்னசேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மரத்தை அறுத்தது இரண்டு பேர் இழுக்கிற ரம்பம் என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை. மறுமுனையைப் பிடித்தவன் நான். அவனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

பெண் குழந்தையோடு அவர்கள் திரும்பி வந்த மறுநாள், அவன் கூரையைக் கொளுத்துவது என்று ஊரில் முடிவானது.

தலைமை என் தாய்மாமன். பட்டாளத்தில் இருந்து வந்தவர். டீக்கடையில் உட்கார்ந்தால் தோற்றுப்போன படையெடுப்புகளைத்தான் சொல்லுவார். பனி தேசத்துக்குப் போய் மாட்டிக்கொண்ட வெள்ளைக்கார ராஜா, பாலைவனத்தில் தண்ணீர் இல்லாமல் விழுந்த சிப்பாய்கள், புயலில் கப்பலோடு முழுகிய படை. ஒவ்வொரு கதை முடிவிலும், "தளபதி ஆளப் பாத்தான், தரையப் பாக்கல. அதான் தோத்தான்" என்பார்.

"ரோட்ல கள்ளக்குறிச்சி போலீஸ் நின்னுக்கினு கீது. கழனி வழியா போலாம். அஞ்சு மணிக்கு ஏரிக்கரையாண்ட வந்துடுங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "நீயும் வாடா மாப்ள. வாய்தான் இல்ல, கையாவது கீதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஏரி மதகைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுவது அப்போது என் வேலை. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் எல்லாம் நட்டு நாலு நாள் ஆன பயிர். மதியமே போய் மதகை முழுசாகத் திறந்தேன். சாயங்காலத்துக்குள் வரப்புகள் முழுகி, நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது.

படை வந்தது. நாற்பது பேர் இருக்கும். இறங்கும் முன் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். எங்கள் பக்கம் செருப்புக் காலோடு யாரும் கழனியில் இறங்க மாட்டார்கள். கொளுத்தப் போகும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் தடி, வேட்டியைப் பிடிக்கக் கையில்லை. வரப்பு தெரியாமல் முன்னால் போனவர் பயிரில் காலை வைத்துவிட்டார்.

"யோவ், இன்னாய்யா, எம் பயிர மிதிக்கிற?"

"உன் வரப்பு எங்கய்யா கீது? காட்டு, மிதிக்கல."

"கண்ணு தெரிலன்னா வூட்ல குந்தறது!"

"மிதிச்சிக்கினு போங்கடா!" என்று மாமா கத்தினார்.

"உனக்கு இன்னா, பென்ஷன் வருது. மொதல்ல உன் கழனில எறக்கு, பாக்கலாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அடுத்த கழனி மாமாவுடையதுதான். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தண்ணி ஜாஸ்தியா கீது. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த நாளை வரவில்லை. மறுநாள் எல்லோருக்கும் சாய்ந்த நாற்றைத் திருப்பி நடுகிற கவலை. நடவு ஆட்களைக் கூப்பிட அந்தக் காலனிக்குத்தான் போகவேண்டியிருந்தது. மதகை ஒழுங்காக மூடவில்லை என்று என்னை ஆளாளுக்குத் திட்டினார்கள். வாழ்க்கையில் எந்தத் திட்டும் அவ்வளவு சுகமாக இருந்ததில்லை.

பல வருஷம் கழித்து மாமா படுக்கையில் கிடந்தபோது கேட்டார்: "அந்த ரம்பத்துல மறுமுன யாருடா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"மதகும் நீதான?"

தலையாட்டினேன்.

"நல்ல வேளடா மாப்ள. பச்சப் புள்ள இருந்த வூடு. கொளுத்தியிருந்தா இப்ப எனக்குக் கண்ணு மூடுமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "டீக்கடைல மட்டும் சொல்லிடாத" என்றார்.

சொல்லவில்லை. மாமா போய்விட்டார். அந்தப் பச்சைப் பிள்ளை இன்று காலை எங்கள் வீட்டுக்கு வந்து, தன் கல்யாணப் பத்திரிகையைத் தட்டில் வைத்து நீட்டினாள். அவள் போனதும் இந்த நோட்டை எடுத்தேன்.

ஆவணி ஒன்பது, சனிக்கிழமை.