ஒரு துண்டு குறைகிறது

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் செய்த காரியம், கூடையில் இருந்த முப்பத்தொரு பொம்மைகளில் இருபத்திரண்டைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டதுதான். கூட்டிப் பெருக்கவும், தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவவும் ஓர் ஆள் வேண்டும் என்றுதான் காப்பகத்தம்மா அவளை எடுத்திருந்தார். பொம்மைகளை ஆராய்ச்சி பண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

காப்பகத்தம்மாவுக்கு ஐம்பது வயது. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் பாலிசி பிடித்த வாய், கல்லும் கரையும். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த மனைக்கு வேலி போட்டு, கீழ்த்தளத்து மூன்று அறைகளுக்கும் வழுக்காத டைல்ஸ் ஒட்டி, நாய்களுக்குப் பகல்நேரக் காப்பகம் ஆரம்பித்திருந்தார். ஆபீஸ் போகிறவர்கள் காலையில் நாயை விட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்கு வந்து கூட்டிப் போவார்கள். வருகிறவர்களிடம் பேசுவது அவர் வேலை. மற்றதெல்லாம் அடுத்தவர் வேலை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

குப்பைத் தொட்டியைப் பார்த்ததும் அவர் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"என்னம்மா பண்ணிவச்சிருக்க? அத்தனையும் காசு குடுத்து வாங்கினது!"

"இந்த முயலுக்குக் கண்ணு ரெண்டும் பட்டன்க்கா. நாலு இழுப்புல கையோட வந்துருச்சு. இந்தப் பந்து பெரிய நாய் வாய்க்குள்ள முழுசாப் போகுது. தொண்டையில போய் உக்காந்தா அப்புறம் யார் எடுக்கறது? இந்தக் கயித்துல நூல் பிரியுது. நூலை முழுங்கினா குடலைச் சுருக்கி இழுத்துருமாம். மத்தியானம் எதிர்த்தாப்புல இருக்கிற நாய் டாக்டரம்மாகிட்ட போய்க் கேட்டேன்."

"சரி, இந்த எலும்பு என்ன பாவம் பண்ணுச்சு? புத்தம் புதுசு!"

அவள் கட்டை விரல் நகத்தை அந்த பிளாஸ்டிக் எலும்பின் மேல் வைத்து அழுத்திக் காட்டினாள்.

"நகம் கொஞ்சமாவது பதியணும்க்கா. பதியலைன்னா அது கல்லு. கடிச்சா பல்லுதான் உடையும்."

காப்பகத்தம்மா எலும்பை வாங்கித் தன் நகத்தாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு தானே அதைத் தொட்டியில் போட்டார்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முன்னால் பதினொரு வருஷம் ஒரு துணித் தொழிற்சாலையில், கைக்குழந்தைகளுக்கான சட்டை தைக்கும் பிரிவில், தைத்து வந்ததைச் சோதிக்கும் மேஜையில் நின்றவள். பட்டனை இழுத்துப் பார்ப்பாள், நூலை இழுத்துப் பார்ப்பாள், தையலை உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பாள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பதினொரு வருஷப் பழக்கத்தை யாராலும் மூட முடியவில்லை. சீக்கிரமே எல்லோரும் அவளை 'செக்கிங்' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கூட்டிப் பெருக்க வேறோர் ஆளைப் போட்டுவிட்டு, விளையாட்டுத் திடலை அவளிடமே விட்டார் காப்பகத்தம்மா.

திடலில் அவள் நடத்திய ராஜ்யத்தைப் பார்க்க வேண்டுமே! சின்ன நாய்களும் பெரிய நாய்களும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது. வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் கிடையாது, நிழலில் மோப்பம் பிடிக்கிற விளையாட்டுத்தான். கயிறு இழுத்தால் தரையோடு பக்கவாட்டில் இழுக்க வேண்டும். நாயைத் தூக்கித் தொங்கவிடுகிற வீரத்தையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வாயில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது, வேறொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும். குச்சி எறிந்த ஒரு கல்லூரிப் பேராசிரியருக்குத் திடலின் நடுவிலேயே வகுப்பு எடுத்தாள், குச்சி நாயின் அண்ணத்தில் குத்தினால் என்ன ஆகும் என்று. அவர் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே, அவள் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த ஒரு வழக்கம் இருந்தது. அங்கே தைக்கும்போது ஊசி உடைந்தால் அந்த வரிசை மிஷின்கள் அத்தனையும் நிற்கும். உடைந்த துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, ஒரு வெள்ளைத்தாளில் ஊசியின் வடிவத்திலேயே அடுக்கி, டேப் ஒட்டிக் காட்ட வேண்டும். முனை ஒன்று குறைந்தால்கூட வேலை தொடங்காது, ஏனென்றால் அந்த முனை ஏதோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் இருக்கிறது. அதையே இவள் பொம்மைகளுக்கும் செய்தாள். ஒரு பொம்மை கிழிந்தால் திடல் காலியாகும். துண்டுகளைத் தாளில் ஒட்டி முழுசாக்குவாள். ஆகாத வரைக்கும் எந்த நாயும் இறங்க முடியாது. காப்பகத்தம்மா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாலும், வாடிக்கையாளர்களிடம் இதையே நூறு தடவை பெருமையாகச் சொல்லிவிடுவார்.

காப்பகத்தில் ஒரு நாய் இருந்தது. அதன் உண்மையான பெயர் என்னவோ, எல்லோருக்கும் அது 'மிஷின்'தான். பழுப்பு நிறம், ஆட்டுக்கல் மாதிரி தலை. அதன் தாடையில் எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்கியதில்லை. அதை வளர்த்தவர் ஆறு லாரி வைத்திருந்த ஒரு பெரிய உருவம். டிரைவர்கள் அவர் குரலைக் கேட்டாலே நடுங்குவார்கள். அப்பேர்ப்பட்டவர் காப்பகத்து வாசலில் மண்டி போட்டு, "எஞ்சாமி, அப்பாவ விட்டுட்டு இருந்துருவியா?" என்று அந்த நாயிடம் தினமும் கொஞ்சிவிட்டுப் போவார்.

அன்று ஒரு வியாழக்கிழமை. மறுநாள் விடியற்காலையில் லாரிக்காரரும் மனைவியும் மிஷினோடு மனைவியின் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறார்கள், பத்து மணி நேரக் கார்ப் பயணம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார். போகிற ஊரில் நாய் டாக்டரே கிடையாதாம். மாலை ஐந்து மணிக்கு மிஷின் மட்டும் தனியாகத் திடலில் ஓர் ஆரஞ்சு ரப்பர் வளையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. செக்கிங் பக்கத்திலேயே குந்தியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் காப்பகத்துக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்து சேர்ந்தது.

"செக்கிங்! ஓடி வா, போர்டு நேரா இருக்கான்னு பாரு!"

"ஒரு நிமிஷம்க்கா, வளையத்தை வாங்கிட்டு..."

"அட, ஏணியில ஆள் நிக்கிறாரும்மா! சட்டுனு வந்துட்டுப் போ!"

அவள் ஓடினாள். பலகை இடது பக்கம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. அதை ஏற்றி, மறுபடி இறக்கி, காப்பகத்தம்மாவுக்குத் திருப்தி ஆவதற்கு நாலு நிமிஷம். திரும்பி வந்தபோது மிஷின் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. வளையம் ஏழு துண்டாகக் கிடந்தது.

ஏழையும் தாளில் அடுக்கினாள். வளையம் முழுசாகவில்லை, ஒரு பக்கம் இடைவெளி விழுந்தது. புல்லைக் கையால் அளைந்தாள். வேலியோரம், சாக்கடை மூடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பார்த்தாள். மண்டி போட்டு இரண்டாம் தடவையும் திடல் முழுக்கத் தேடினாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு காப்பகத்தம்மாவிடம் வந்தாள்.

"அக்கா, மிஷின் முழுங்கிருச்சு. டாக்டரம்மாகிட்ட இப்பவே தூக்கிட்டுப் போகணும்."

காப்பகத்தம்மா வாசலை எட்டிப் பார்த்தார். லாரிக்காரர் வாய் திறந்தால் ஊர் முழுக்கக் கேட்கும். "பதறாத. அந்த உடம்புக்கு இந்தத் துண்டெல்லாம் எம்மாத்திரம்? நாளைக்குக் காலையில பின்வழியா வந்துரும்."

"வந்துட்டா நல்லது. வராம குடல்ல அடைச்சுக்கிட்டா? நடு ரோட்டுல யாரைத் தேடுவாங்க?"

அதற்குள் லாரிக்காரரே வாசலில் வந்து நின்றார். இருபது வருஷத்துப் பழக்கம். காப்பகத்தம்மாவின் வாய் தன்னால் திறந்துகொண்டது. "இன்னிக்கு உங்க புள்ள சமர்த்தோ சமர்த்து சார்!"

"இல்லைங்க," என்றாள் செக்கிங், பின்னாலிருந்து. தாளை அவர் முன்னால் நீட்டினாள். "வளையத்தைக் கடிச்சு ஒரு துண்டை முழுங்கியிருக்குது. நான் பக்கத்துல இல்லை. தப்பு என்னோடது."

யார் கூப்பிட்டார்கள், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'கூப்பிட்டது நான்தான்' என்று சொல்ல அதுதான் நேரம். அவர் சொல்லவில்லை. தெருவைக் கடந்து எல்லோரும் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, அந்தச் சொல்லாத வார்த்தை அவர் தொண்டையிலேயே நின்றது.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தெளிவாக ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் இல்லையாமே!" என்றார் லாரிக்காரர். "எதுக்கும்மா இப்படிப் பயமுறுத்துற?"

"ரப்பர் எக்ஸ்ரேயில தெரிஞ்சே ஆகணும்னு இல்லை சார்," என்றார் டாக்டரம்மா, தாளைக் கையில் வாங்கிப் பார்த்தபடி. "எப்போ முழுங்கினது?"

"அஞ்சு மணிக்கு மேல. அஞ்சே காலுக்குள்ள," என்றாள் செக்கிங்.

"அப்போ இன்னும் வயித்துலதான் இருக்கும். கூரா எதுவும் இல்லை, ரப்பர்தான். ஊசி போட்டா வாந்தியில வந்துரும். இதையெல்லாம் வீட்டுல உப்புத்தண்ணி குடுத்து யாரும் பண்ணக் கூடாது, அது வேற ஆபத்து."

ஊசி போட்டுப் பத்து நிமிஷத்தில் மிஷின் குனிந்து, முதுகை வளைத்து, ஒரு குவியலை வெளியே தள்ளியது. செக்கிங் கையுறை மாட்டிக்கொண்டு அதை அளைந்தாள். ஆரஞ்சுத் துண்டு வந்தது. லாரிக்காரர் அப்படியே நாற்காலியில் சரிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். காப்பகத்தம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செக்கிங் துண்டைக் கழுவித் தாளில் வைத்தாள். எட்டுத் துண்டையும் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குது," என்றாள்.

கட்டை விரல் அளவுக்கு ஓர் இடைவெளி மிச்சம் இருந்தது.

லாரிக்காரர் எழுந்துவிட்டார். "போதும்! சும்மா இருந்த நாயை ஊசி போட்டு இந்தப் பாடு படுத்தியாச்சு. நீ ஒழுங்கா அங்கேயே உக்காந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா? கடமைன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? கூலிக்கு மாரடிக்கிற ஆளுங்களை நம்பி எம்புள்ளைய விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவள் தலை நிமிரவே இல்லை. "திட்டுங்க சார். ஆனா கிளம்பாதீங்க. இன்னும் ஒரு தடவை வாந்தி வரட்டும்."

அவள் கெஞ்சியதைக் காப்பகத்தம்மாவால் தாங்க முடியவில்லை. எத்தனை பேரிடம் எத்தனை அழகாகப் பேசிய வாய் அது. இந்த ஒரு வாக்கியத்துக்கு நாக்கு புரளாமல் திணறியது.

"சார், அவ அங்கேதான் உக்காந்திருந்தா. கூப்பிட்டது நான். ஒரு நிமிஷம் பொறுங்கன்னு சொன்னா. நான்தான் கேக்கலை."

"எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"போர்டு நேரா இருக்கான்னு பாக்க."

லாரிக்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது காப்பகத்தம்மாவுக்கு. ஆனாலும் அந்த வார்த்தை தொண்டையை விட்டு வெளியே வந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதை மறைப்பானேன்.

அப்போது மிஷின் மறுபடி குமட்டியது. இந்தத் தடவை அது தேர்ந்தெடுத்த இடம் காப்பகத்தம்மாவின் செருப்பு. ஒரு நாள்கூடக் கிண்ணம் கழுவியறியாத காப்பகத்தம்மா, சேலையைச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். கையுறை எங்கே என்று தேடவில்லை. வெறுங்கையால் நுரையையும் சளியையும் விலக்கி விலக்கித் தடவினார். விரலில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. ஆரஞ்சு நிறம்.

அதைக் கழுவி செக்கிங்கிடம் கொடுத்தார். அவள் அதைத் தாளில் வைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, வளையத்தைச் சுற்றி ஒரு தடவை விரலை ஓட்டினாள். எங்கும் தடுக்கவில்லை.

"இப்பக் கூட்டிட்டுப் போகலாம் சார்."

டாக்டரம்மா நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்று இரவு வெறும் தண்ணீர், நாளைக் காலையில் லேசான சாப்பாடு, பயணத்தை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள் என்றார். லாரிக்காரர் தலையாட்டினார். அந்தப் பெரிய நாயைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டார். கதவு வரைக்கும் போனவர் நின்றார்.

"ஊர்லேர்ந்து வந்ததும் கூட்டிட்டு வரேன்," என்றார் காப்பகத்தம்மாவிடம். "யாரு பாத்துப்பா?"

"இவதான் சார்," என்றார் காப்பகத்தம்மா. "இனிமே நானே கூப்பிட்டாலும் வர மாட்டா."