சந்தனம் வைத்த இடம்

முப்பத்தேழாம் வருஷத்தில் மல்லசமுத்திரத்தில் முத்தாயம்மாளிடம் மட்டும்தான் கார் இருந்தது. ஓட்டியவன் மாதையன். கணவன் இறந்த பிறகு நிலத்தையும் ஆட்களையும் தானே கட்டி ஆண்ட அந்த அம்மாளிடம் அவன் மாட்டுவண்டி ஓட்டத்தான் சேர்ந்தான். கார் வந்ததும் அதைத் துடைத்துத் துடைத்தே பழகி, கடைசியில் ஓட்டவும் பழகிவிட்டான். கார்ச் சக்கரத்தைப் பிடித்த கை மறுபடி மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கக் கூடாது. அவனுக்கு அதைவிடப் பெரிய ஆசை ஏதுமில்லை.

புரட்டாசியில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையில் காருக்குப் புது ஒயர் போட்டார்கள். அதிலிருந்து பிடித்தது வினை. காலையில் கிளம்பினால் எஞ்சின் இருமும், குலுங்கும், இரண்டு மைல் போனதும் நின்றுவிடும். ஆறப்போட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

மாதையன் பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தான். பேட்டரியின் திருகுகளை இறுக்கினான். ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தான். சோற்றில் கை வைத்தவன் பாதியில் எழுந்து போய் எஞ்சின் மூடியைத் திறப்பான். படுத்தால் காதுக்குள் அந்த இருமல் கேட்டது. இரண்டு தடவை பட்டறைக்கே ஓட்டிப் போனான். அங்கே போய்ச் சேருவதற்குள் எஞ்சின் சூடேறி, குயில்போலக் கூவியது. மெக்கானிக் சுவாமிநாதன் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"என்னய்யா, நல்லா இருக்கிற வண்டியை வைத்தியருகிட்டக் கூட்டியாந்து நிக்கிறே? வண்டிக்கா சீக்கு, உனக்கா?"

பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள்.

வீட்டில் மனைவி பொன்னாத்தாளும் விடவில்லை. "கட்டுனவ மூஞ்சியப் பார்த்து மாசமாச்சு. விடிஞ்சா அதுக்குத்தான் சந்தனம், அதுக்குத்தான் குங்குமம். முன்னெல்லாம் வண்டி வெளக்குக்கு வெச்சீங்க. இப்ப அதோட வவுத்தத் தொறந்தில்ல வெக்கிறீங்க!"

"சும்மா இரு புள்ள. அது எங்க நிக்கும்னு எனக்கே தெரியல."

தீபாவளிக்கு முந்தின நாள் முத்தாயம்மாளின் மருமகன் தலைத்தீபாவளிக்கு வருவதாக இருந்தது. மகளை முன்னமே அழைத்து வந்தாயிற்று. மருமகன் கோயமுத்தூரிலிருந்து ரயிலில் சேலம் ஜங்ஷனில் இறங்குவார். அவரை அழைக்க அம்மாளே கிளம்பினாள். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள்:

"மாதையா, போன வாட்டி வண்டி நின்னுபோயி சம்பந்தி ஊட்டுக்காரங்க ஜட்கா புடிச்சு வந்தாங்க. என்னால தலை நிமிர முடியல. இன்னைக்கும் வழியில நின்னுச்சுன்னா, நாளைக்கு அயோத்தியாப்பட்டணத்து டைவர் வந்துருவான். உன்ற மாட்டுவண்டி அப்படியேதான் கெடக்குது."

"நிக்காதுங்கம்மா," என்றான்.

ராத்திரி பெய்த மழை ஓய்ந்திருந்தாலும் காற்றில் ஈரம் போகவில்லை. ஆட்டையாம்பட்டிக்கு முன்னாலேயே எஞ்சின் இருமியது. மாதையன் காலைத் தரையில் அழுத்தி, பற்களைக் கடித்துக்கொண்டு, வண்டியைத் தானே தள்ளுவதுபோல முன்னால் சாய்ந்தான். புளியமர வரிசையில் கார் நின்றுவிட்டது.

மாதையன் பின்னால் திரும்பாமலே இறங்கினான்.

மூடியைத் திறந்தான். கண்ணில் எதுவும் படவில்லை. மின்சாரம் எங்காவது கசிந்தால், வெளிச்சத்தில் தெரியாத பொறி இருட்டில் தெரியுமோ என்று தோன்றியது. மழைக்கென்று வைத்திருந்த கறுப்புக் கம்பளியை எஞ்சின்மேல் போட்டு அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டான்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. முன்னால வந்து, காலுகிட்ட இருக்கற, வண்டியக் கெளப்பற குமிழ மிதிங்க."

"நானா?"

"வேற ஆருங்க இருக்கறாங்க?"

முத்தாயம்மாள் முணுமுணுத்துக்கொண்டே முன் சீட்டுக்கு வந்து, எருமையை உதைப்பதுபோல ஓங்கி மிதித்தாள். எஞ்சின் முனகியது. கம்பளி இருட்டில் ஒரு நீலப் பொறி நூல்போல நெளிந்தது. நாலு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் கறுப்பு மூடியின்மேல், காலையில் குளித்துவிட்டு அவன் அப்பிய சந்தனம் இன்னும் காயாமலிருந்தது. அந்த ஈரத்தின் வழியே மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழுக்கி இரும்பில் இறங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டில் சந்தனம் காய்ந்த பிறகுதான் வண்டி சரியாக ஓடியிருக்கிறது.

ஒயர் மாற்றிய அன்று சுவாமிநாதன் அந்த மூடியைத் தொட்டுக் காட்டி, "இதுதான்யா வண்டிக்கு உசிரு. இதுல மட்டும் கைய வெச்சுராதே," என்றிருந்தான். மாதையன் அதைக் கழற்றக் கை வைக்கவில்லை. உசிரு இருக்கும் இடமென்று தெரிந்த பிறகு விளக்குக்கு ஏன் சந்தனம்? மறுநாளிலிருந்து அங்கேயே வைத்தான். வண்டி இரும இரும, இன்னும் தடிமனாக வைத்தான்.

வேட்டி முனையால் துடைத்தான். மறுபடி மிதிக்கச் சொன்னான். எஞ்சின் ஒரே பிடியில் எடுத்தது.

கார் ஓடத் தொடங்கியதும் முத்தாயம்மாள் கேட்டாள்: "செவ்வாய்ப்பேட்டையான் பண்ணுன கோளாறுதானே?"

ஆமாம் என்றால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் அடுத்துப் பட்டறைக்குத்தான் போகச் சொல்லுவாள்; அங்கே பொய் உடைந்துவிடும்.

"இல்லீங்கம்மா. நான் வெச்ச சந்தனமுங்க."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை திக்கினான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"அடப் பாவி! இத்தன நாளா பூசை பண்ணியேவா நிறுத்துனே?"

ஜங்ஷனில் மருமகன் அப்போதுதான் குடையோடு வெளியே வந்துகொண்டிருந்தார். ஜட்காக்காரன் ஒருவன் அவர் பெட்டியில் கை வைத்திருந்தான். மாதையன் ஓடிப்போய் அதைப் பிடுங்கினான்.

வீடு திரும்பியதும் அம்மாள், "நாளைக்கு தீவாளி முழுக்கு ஆனதும் மருமகனை ராசிபுரம் கோயிலுக்குக் கூட்டிப் போகோணும். நேரமே எந்திரி," என்றாள். அயோத்தியாப்பட்டணத்துப் பேச்சே எடுக்கவில்லை.

மறுநாள் குளித்துவிட்டு விரலில் சந்தனத்தோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் முன் விளக்கின் கண்ணாடியில் வைத்தான். பிறகும் மனசு கேட்கவில்லை. எஞ்சின் மூடியைத் திறந்து, உள்ளே ஒரு சொட்டாவது தெறித்திருக்கிறதா என்று பார்த்தான்.