அடிபம்பும் ஒரு பகல் தூக்கமும்

தலையில் அடிபட்டவன் தூங்கினால் திரும்ப எழுந்திருக்க மாட்டான் என்று முப்பத்து நாலு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நிற்கவில்லை, ஊருக்கெல்லாம் உபதேசமும் செய்தேன். கம்பெனியில் ஒருவன் ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டபோது, "கண்ண மூடினே, அவ்ளோதான் மச்சான்" என்று பயமுறுத்தி, அவனைச் சாயங்காலம்வரை காம்பவுண்டைச் சுற்றி நடக்க வைத்தவன் நான்தான். அவனுக்குக் கால் வீங்கியது. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் வைத்தியத்தால்தான் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு என் முறை வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் நானும் மனைவியும் குடியிருந்தோம். வேலை திருமுடிவாக்கத்தில், இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில். அந்த வாரம் நைட் ஷிப்ட். காலை ஏழரைக்கு வீடு வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, முகம் கழுவ அடிபம்புக்குப் போனேன். பக்கத்துப் போர்ஷன் அண்ணன் குடத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். ரயில்வேயில் வேலை, இரும்பு அடித்துப் பழகிய கை. என் சோப்பு நழுவிப் போய் பம்பின் கைப்பிடிக்கு நேர் கீழே உட்கார்ந்தது. எடுக்கக் குனிந்தேன். அவர் அடித்தார்.

ணங்கென்று ஒரு சத்தம். பம்பு போட்டதா, தலை போட்டதா, தெரியவில்லை. மயக்கம் இல்லை, ரத்தம் இல்லை. உச்சிக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு மட்டும் கிளம்பியது.

"அய்ய, இன்னா தம்பி! பம்பு அடிக்கசொல்ல உள்ள தலைய வுட்டுகினு கீறே?" என்றார் அண்ணன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்தது.

அங்கேதான் என் உபதேசம் எனக்கே ஞாபகம் வந்தது. நான் கடைசியாகத் தூங்கியது முந்தின நாள் மத்தியானம். எந்த நைட் ஷிப்ட்காரனுக்கும் காலை எட்டு மணிக்குக் கண் சொருகத்தான் செய்யும். ஆனால் இந்தத் தூக்கம் ஷிப்டால் வருகிறதா, மூளையால் வருகிறதா? கொட்டாவியைப் பார்த்து எவனால் சொல்ல முடியும்? மனைவியைக் கூப்பிட்டு, "என்ன ஆனாலும் என்னைத் தூங்க விடாதே" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. வைத்தியம்தான் எனக்கே தெரியுமே.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கண் மூடும்போதெல்லாம் மனைவி முகத்தில் தண்ணீர் தெளித்தாள். இதுவரை சரி. ஆனால் பேப்பரின் ஒரு தாளைக்கூட இரவல் தராத அண்ணன், அன்றைய பேப்பரை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. பிழைக்கப்போகிறவனுக்கு யாராவது புதுப் பேப்பர் தருவார்களா? தோசையைப் பிட்டால் நெய் ஒழுகியது. மாசக் கடைசியில் நெய்! சமையலறைப் பக்கம் இருவரும் குசுகுசுவென்று பேசினார்கள். "எதுக்கும் அவங்க வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லிடலாமா?" என்று மனைவி கேட்டது மட்டும் காதில் விழுந்தது. தெரிந்துவிட்டது, இவர்கள் என்னமோ மறைக்கிறார்கள்.

அண்ணன் வந்து எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். "நாலு கேள்வி கேட்டா மூள கரீட்டா கீதான்னு தெர்ஞ்சிபூடும். இன்னிக்கு இன்னா கெழம?"

"வெள்ளி."

"பதினேழு மூணு?"

"அம்பத்தொண்ணு."

கணக்கு சரிதானா என்று அவர் விரலை மடக்கிக்கொண்டிருக்கும்போது மனைவி குறுக்கே புகுந்தாள். "நேத்து டிபன் பாக்ஸ்ல என்ன வெச்சேன், சொல்லுங்க பாப்போம்?"

உலகத்திலேயே எனக்குப் பதில் தெரியாத கேள்வி அதுதான். அந்த வாரம் முழுக்க டிபன் பாக்ஸைத் திறக்காமலே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் பரோட்டா தின்றுகொண்டிருந்தேன். காலையில் கழுவின பாக்ஸ் கைக்கு வந்துவிடும்.

"எலுமிச்சம் சாதம்" என்றேன்.

அவள் முகம் மாறியது.

"இல்ல இல்ல, புளி சாதம்."

"ஐயோ!"

"தயிர் சாதம்?"

"சேமியா உப்புமாங்க! நீங்கதானே நல்லா இருந்துச்சுன்னு காலைல வந்ததும் சொன்னீங்க!"

அண்ணன் எழுந்து நின்றார். "பூட்ச்சும்மா. மெமரி பூட்ச்சு. ஆட்டோ இட்டாரேன்."

உண்மையைச் சொன்னால் மூளை பிழைக்கும், நான் பிழைப்பேனா என்பது சந்தேகம். வாயை மூடிக்கொண்டேன். "பேச்சும் நின்னுபோச்சே" என்று அவள் அழ ஆரம்பித்தாள். அதோடு எனக்கே ஒரு சந்தேகம் முளைத்தது. ஒருவேளை உப்புமாவை நான்தான் சாப்பிட்டேனோ? பரோட்டா தின்றதாக மூளை கதை கட்டுகிறதோ?

ஆட்டோவில் இரண்டு பக்கமும் இருவர். என் தலை சாயும்போதெல்லாம் ஆளுக்கொரு தொடையைக் கிள்ளினார்கள்.

ஸ்டேஷன் பக்கத்து டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார். மூக்கைத் தொடச் சொன்னார், கையை இறுக்கச் சொன்னார், நடக்க வைத்தார். வாந்தி உண்டா என்றார். இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. அப்போது மனைவி, "டாக்டர், நேத்து சாப்ட்டதே இவருக்கு ஞாபகம் இல்ல" என்றாள். டார்ச்சை மேசைமேல் வைத்தார். "அப்படியா? அப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். தலைய ஸ்கேன் பண்ணிப் பாத்துடணும்."

மண்டையைத் திறந்து தைப்பதுவரைக்கும் எல்லாம் கண்முன் ஓடியது.

"டாக்டர், நான் அதைச் சாப்பிடவே இல்ல."

"எதை?"

"உப்புமாவை. பரோட்டா சாப்ட்டேன்."

"எத்தனை?"

"நாலு. சால்னா, ஒரு ஆம்லெட். வெங்காயம் கேட்டேன், தரல."

"உப்புமா?"

"வாட்ச்மேன்."

"எத்தனை நாளா நடக்குது?" இதைக் கேட்டது டாக்டர் இல்லை.

"திங்கக்கிழமைலேர்ந்து."

"மெமரி பிரமாதமா இருக்கும்மா" என்றார் டாக்டர். "கூட்டிட்டுப் போய்த் தூங்க வைங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "ஊசி போடலையா சார்?"

"எதுக்கு?"

எங்கள் பக்கத்தில் ஊசி போடாத டாக்டர் என்றால் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தம். போதாக்குறைக்கு, "நீங்க வெளிய உக்காருங்க, அம்மாகிட்ட பேசணும்" என்றார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நானும் அண்ணனும். "தனியா கூப்ட்டு பேசறாருன்னா..." என்று ஆரம்பித்த அண்ணன், என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார்.

உள்ளே டாக்டர் சொன்னதை அவள் மறுநாள்தான் என்னிடம் சொன்னாள். தூக்கம் ஆளைக் கொல்லாது. தலைக்குள் ரத்தம் கசிந்தால் மயக்கம் வரும், வீட்டில் இருப்பவர்கள் அதைத் தூக்கம் என்று நினைத்து விட்டுவிடக்கூடும், ஆபத்து அதுதான். அதனால் இரண்டு மணிக்கொருதரம் எழுப்பிப் பேச்சுக் கொடுங்கள், ஒழுங்காகப் பதில் சொன்னால் திரும்பத் தூங்கட்டும். வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, குழறல், வலிப்பு, கை கால் தளர்ச்சி, எழுப்பினால் எழாமல் கிடப்பது, இவற்றில் ஏதாவது வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. ராத்திரி ஷிப்ட் கூடாது. தூங்கப்போகிறவனிடம் இதைச் சொல்லி என்ன பயன், பார்த்துக்கொள்கிறவளிடம்தானே சொல்ல வேண்டும்?

வீட்டில் பாயை விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டாள். அதட்டவில்லை, முறைக்கவில்லை. தன் உப்புமா வாட்ச்மேனுக்குப் போனதைக் கேட்ட பெண்பிள்ளை இவ்வளவு அமைதியாக இருந்தால், டாக்டர் என்னதான் சொல்லியிருப்பார்? ஒரு கண்ணைத் திறந்தபடி அவளையே கவனித்தேன். சற்று நேரத்தில் அந்தக் கண்ணும் போயிற்று.

யாரோ தோளை உலுக்கினார்கள். "என்னங்க, இன்னிக்கு என்ன கெழம?"

"வெள்ளி."

மறுபடி உலுக்கல். "என்னங்க, ஒரு நாளைக்கு எத்தன சிகரெட்?"

"ரெண்டு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தேன். விட்டேன் என்று போன பொங்கலுக்கு அவளிடம் சத்தியம் செய்திருந்தேன்.

மூன்றாவது தடவை, "பரோட்டாவுக்கு யாரு கூட வந்தது?" என்றாள். இது டாக்டர் கொடுத்த கேள்வியா, இவள் சேர்த்ததா என்று தூக்கத்திலும் யோசித்தேன். இருந்தாலும் பதில் சொன்னேன். ஒழுங்காகச் சொல்லாவிட்டால் ஸ்கேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நானாக எழுந்தேன். பசித்தது. புடைப்பைத் தொட்டால் வலித்தது, தொடாவிட்டால் வலிக்கவில்லை. அன்று ஷிப்டுக்குப் போகவில்லை. பத்து நாளில் புடைப்பு வடிந்தது. தலைக்குள் ஒன்றும் ஆகவில்லை. அன்று பகல் முழுக்க நான் தூங்கினேன். அவள் சுவரில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்தபடி, படுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.