மயில் மேல் ஊற்றிய காப்பி

மலேசியாவின் ஜோகூர் பாருவில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு மாடி இசைக்கூடத்தின் வயரிங்கைச் சோதிக்கப் போனேன். மீசைக்கு மட்டும் மை பூசியிருந்த வாசல் காவலர், முன்சுவரில் யாரோ புதிதாக வரைந்திருந்த மயில்மீது மிச்சக் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தார். தினமும் ஊற்றுவாராம்.

"ஏன் அண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

"அதாம்மா பிரச்சினை. சுவரு அழகானா போட்டோ எடுக்க வருவாங்க, அப்புறம் கஃபே வரும், வாடகை ஏறும். மேல பாடுற பிள்ளைங்க எங்க போகும்? பக்கத்துத் தெருவுல அப்படித்தான்லா காலி பண்ண வச்சாங்க."

என் பழுதுப் பட்டியலின் ஏழாவது வரியைக் காட்டினேன்: வாசல் விளக்கு எரியவில்லை.

"எப்படி எரியும்?" என்று சட்டைப்பையிலிருந்து பல்பை எடுத்துக் காட்டினார்.

அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால், மயிலின் கழுத்தில் மட்டும் ஒரு சொட்டும் படாமல் ஏன் ஊற்றினார் என்று அவரிடம் கேட்கவில்லை.