லைன் அறுந்த பிறகு போன முகூர்த்தம்

அன்றைக்கு எங்கள் தீவில் லம்பா லைன் என்கிற பகுதியின் மண்டபத்தில் இந்த விஷயத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் நான்கே பேர். மேடைக்கு எதிரே கேமராவோடு யூசுப் பாய். கல்யாணப் பெண் செல்வி. அவளுடைய தாய்மாமன் முத்தையா, எல்லாம் தெரிந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். மேடைக்குப் பின்னால் பாத்திர அறையில் லேப்டாப்போடு நான், தனியாக. அந்த அறையில் வேறு ஆள் இல்லை, எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

ஆவி, பேய் என்று பேசுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். சுனாமிக்குப் பிறகு இந்தத் தீவில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். யார் பார்த்தது என்று கேட்டால், பார்த்தவன் எப்போதும் மச்சானுக்கு மச்சானாக இருப்பான். நான் எட்டாவதோடு நின்றவன்தான், அந்த அளவுக்கு மடையன் இல்லை. என் பயமெல்லாம் வயர் மேல், கழன்றுவிடுமோ, சூடாகிவிடுமோ என்று.

செல்வியின் அம்மா சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இங்கே முடியாது என்று மெயின்லேண்டுக்கு அனுப்பி இரண்டு மாதம். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டால் பார்க்க அவர் இருப்பாரா என்று டாக்டரே சொல்லவில்லை. தாலி கட்டுவதை நேரலையில் அவருக்குக் காட்டுவதுதான் என் வேலை. காலையில் சோதித்தபோது, "தெரியுது தம்பி, விட்டு விட்டு வருது. தாலி கட்டையிலே மட்டும் நின்னுடாம பாத்துக்க" என்றார்.

அப்போது எங்களுக்கு இன்டர்நெட் சேட்டிலைட் வழியாகத்தான், மேகம் திரண்டாலே படுத்துவிடும். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படத்தை அனுப்புகிற என்கோடர் ஃப்ரேம்களைத் தவறவிட ஆரம்பித்தது. பிட்ரேட்டை அறுநூறிலிருந்து முந்நூறாக்கினேன், நூற்றைம்பதாக்கினேன், படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கினேன், சத்தமாவது போகட்டும் என்று படத்தையே நிறுத்தப் போனேன், அதற்குள் திரையில் லைன் இருப்பதைக் காட்டும் பச்சைக் கட்டம் சிவப்பாகிவிட்டது. மோடத்தைக் கழற்றி மாட்டினேன். சென்னைக்குப் போன் போட்டேன், போகவில்லை. ஊருக்கே லைன் இல்லை. கெட்டிமேளம் கேட்டது.

பதிவாவது இருக்கும் என்று பார்த்தால் யூசுப் பாய் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். "அரே தோஸ்த், மேளம் கேட்டதும் மொத்தக் கும்பலும் அட்சதை போட மேடை ஏறிருச்சு. மாமன் லென்ஸுக்கு முன்னாடி பில்குல் சுவரு மாதிரி நிக்கிறாரு. ஹட்டோ ஹட்டோன்னு கத்துறேன், திரும்பிக்கூடப் பாக்கலை!"

ஓட்டிப் பார்த்தேன். தாலி கட்டிய நேரம் முழுக்க முத்தையாவின் பட்டுச்சட்டை முதுகும் வியர்வையும்தான். இருந்ததே ஒரு கேமரா, அதையும் மறைத்து நிற்கிற ஜன்மங்கள்.

மதியம் லைன் வந்தது. வந்த உடனே என் போன் அடித்தது, செல்வியின் அம்மா. திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"நல்லாப் பாத்தேன் தம்பி. மணவறையிலே நானே நிக்கிற மாதிரி. மூணாவது முடிச்சு போடயிலே நாத்தனா வளையல் புள்ள முடியிலே மாட்டிக்கிச்சு. வலிச்சிருக்கும், பாவம்."

போனைப் பிடித்தபடியே ஓடிப்போய்ச் செல்வியிடம் கேட்டேன். "ஆமாண்ணே, மாட்டுச்சு. நானே மெதுவா எடுத்துவிட்டேன். யாருக்குமே தெரியாதே, அம்மாகிட்ட யாரு சொன்னா?" என்றாள். யார் சொல்வது? லைன் வந்ததும் அவர் முதலில் கூப்பிட்டதே என்னைத்தான்.

நம்பினால் நம்புங்கள், போனில் அடுத்ததாக அவர் சொன்னது இது. "பின்னாடி ரூமிலே தலையிலே கைய வச்சுக்கிட்டு ஏன் தம்பி அழுத? நான் கிட்ட வந்தேன், நீ வெடுக்குனு திரும்பிட்ட."

அந்த அறையில் கேமரா கிடையாது. லேப்டாப்பில் இருந்ததும் வாங்கிய நாளிலிருந்தே கெட்டது. நான் அழுதது உண்மை. பிடரியில் யாரோ மூச்சு விட்டது போலிருந்து திரும்பியதும் உண்மை. திரும்பினால் பாத்திரங்கள்தான்.

இதற்கு மேல் முத்தையா. "லைனே இல்லேங்கிற, வீடியோவிலே என் முதுகு இருக்குங்கிற, பைசா எதுக்கு? அக்கா மருந்து மயக்கத்துலே ஏதோ உளறுது. லைவ் அக்காவுக்குப் போய்ச் சேந்துச்சுன்னு சாமி படத்து மேல கைய வச்சுச் சொல்லு, பைசாவை இப்பவே எடுத்துத் தர்றேன்."

படத்துக்கு முன்னால் போய் நின்று அதன் மேல் கையை வைத்தேன். போகவில்லை என்றால், அதற்குப் பிறகு ஒரே மாதத்தில் கண்ணை மூடிய அந்த அம்மா பொய் சொன்னதாக ஆகும். போனது என்றால், எந்த வழியாகப் போனது என்று எனக்கு நானே சொல்லியாக வேண்டும். கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அட்வான்ஸ் போக மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய், இன்றைக்கும் பாக்கி.