சுவரை நக்கிய மாடும் என் முந்தானை அரிசியும்

போன வருஷம் ஓணம் முடிந்த வாரம், எல்லையோர ஊரான பெருமாட்டியில் எங்கள் மாட்டுக்கொட்டகையில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்களிடம் இரண்டு கறவை மாடுகள். அதில் ஒன்று திடீரென்று கொட்டகைச் சுவரை நக்க ஆரம்பித்தது. காலையில்தான் நக்கியது, மதியத்துக்குள் என் வீட்டுக்காரர் மாட்டு டாக்டருக்கு மூன்று முறை போன் செய்துவிட்டார்.

வந்த டாக்டர் ஒரு மலையாளப் பெண், என்னைவிடச் சின்னவர். மாட்டைச் சோதித்துவிட்டு, தீவனத்தில் தாதுச்சத்து போதவில்லை, அதனால்தான் சுண்ணாம்பையும் மண்ணையும் தேடுகிறது என்றார். தாது உப்புக் கலவை எழுதிக் கொடுத்தார். வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒரு கை கயிற்றில். இன்னொரு கை முந்தானையில் முடிந்திருந்த பச்சரிசியில். ஒரு வருஷமாக எனக்கு அப்படித்தான். அரிசி இல்லாவிட்டால் மகளின் சாக்பீஸைக்கூடக் கடிப்பேன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனால் நான் அரிசி மெல்வது வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. விருந்தாளிகள் முன்னால்கூடக் கேலி செய்வார்கள். நானும் வெட்கப்பட்டு ஒளித்து ஒளித்துத் தின்றேன்.

என் வாய் அசைவதை டாக்டர் பார்த்துவிட்டார்.

"சேச்சி, அரிசியா? எத்தன நாளாச்சு?" என்று கேட்டுக்கொண்டே என் கையைப் பிடித்து நகங்களைப் பார்த்தார். அவை வெளுத்து, நடுவில் குழிந்திருந்தன. "நான் மாட்டு டாக்டர், உங்களுக்கு மருந்து எழுதக் கூடாது. ஆனா இன்னிக்கே போயி ரத்தம் பாக்கணும்."

வீட்டுக்காரர் இடையில் புகுந்தார். "அவளுக்கு ஒண்ணுமில்லீங்க, வெறும் வாய்ப்பழக்கம். கலவைய ஒரு நாளைக்கு எத்தன நேரம் குடுக்கோணும், அதச் சொல்லுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "ஏனுங்க, மாடு செவுத்த நக்குனா சத்துக் கொறவு, நான் அரிசியத் தின்னா கெட்ட பழக்கமுங்களா?" என்று கத்திவிட்டேன். கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டு, உடுத்திய சேலையோடு பஸ் ஏறினேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. இரும்புச்சத்து இல்லாமல் போனால் இப்படிக் கண்டதையும் தின்னத் தோன்றும் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தார். சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தச் சொன்னார். கீரை, ராகி, பயறு, கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ தினமும் சேர்க்கச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுகை வந்தது. தோட்டத்து அகத்தியைத் தினம் ஒடித்து மாட்டுக்குப் போட்டவள் நான்தான். மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு, மிச்சச் சோற்றையும் ஒரு டம்ளர் டீயையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளும் நான்தான்.

ஒன்றரை மாதத்தில் அரிசி ஆசை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. மூச்சு வாங்குவதும் குறைந்தது. வீட்டுக்காரர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இப்போது கீரைப் பொரியல் செய்தால் முதலில் என் தட்டில் வைத்துக்கொள்கிறேன், பிறகுதான் மற்றவர்களுக்கு.

என் உடம்பு சத்துக் கேட்டுக் கெஞ்சியதை, மற்றவர்கள் சிரித்தார்கள் என்பதற்காக நானும் ஒரு வருஷம் அசிங்கம் என்று நம்பினேனே, அந்தக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. அது ஆறவும் வேண்டாம்.