மூஞ்சி வீங்கிய கதை கேட்கும் அக்கா

பல் ஆஸ்பத்திரியில் கருவி கழுவுகிற அக்காவுக்கு 'நோண்டியக்கா' என்று பெயர் வைத்தது டாக்டரேதான். அவர் சொத்தைப் பல்லை நோண்டுவார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தவரின் பூர்வீகத்தையே நோண்டுவாள். பதினொரு வருசமாக, "கடவுளே, இன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது" என்று வேண்டிக்கொண்டுதான் கொதிதண்ணீர்ப் பாத்திரத்தைத் திறக்கிறாள்.

வந்தவர்கள் நிரப்புகிற தாளில் 'அலர்ஜி உண்டா?' என்று அச்சடித்திருக்கும். வலியில் துடிக்கிறவன் எதைப் படிப்பான்? கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று போட்டுவிடுவான். அக்கா கேட்கிற விதமே வேறு.

"என்னிக்காவது மூஞ்சி வீங்கி, கட்டினவளுக்கே அடையாளம் தெரியாம போயிருக்கா?"

அவ்வளவுதான், கதை தானாகக் கொட்டும்.

அன்று கடைவாய்ப் பல் பிடுங்க வந்தவர் ஒரு லாரி டிரைவர். பார்த்தால் ஆனை, ஊசியைக் கண்டால் பூனை.

"போன வருசம் இடுப்புப் பிடிப்புக்கு ஒரு ஊசி போட்டாங்கக்கா. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள உதடு பலூன் மாதிரி ஆயிடுச்சு, மூச்சு வேற இழுத்துச்சு. என் பொண்டாட்டி கதவைத் திறந்து, 'அவர் வீட்ல இல்லீங்க'ன்னுட்டா!"

"அந்த ஊசியாலயா அண்ணே?"

"சேச்சே, வழியில ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்."

பல் வந்தது. டிரைவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார். "வலிக்கு ஐபுபுரூஃபன், மூணு வேளை" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் சீட்டு எழுதினார்.

அக்கா கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தாள். இடுப்புப் பிடிப்புக்குப் போட்டதும் வலி ஊசிதானே? அவளுடைய நாத்தனாருக்கு ஒரு வலி மாத்திரையில் மூஞ்சி வீங்கியது. பேர் வேறுதானே என்று இன்னொன்றைத் தின்று மறுபடியும் வீங்கி, பிழைத்ததே கடவுள் புண்ணியம். "ரெண்டும் பங்காளிங்கம்மா. ஒண்ணு ஒத்துக்கலேன்னா இன்னொண்ணும் ஒத்துக்காம போகலாம்" என்று நர்ஸ் சொன்னது அக்காவின் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

"ஐயா, அந்தச் சீட்டைக் கொஞ்சம் நிறுத்துங்க."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதாங்கய்யா. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

இடுப்பு ஊசிக் கதையையும், நர்ஸ் சொன்ன பங்காளிப் பேச்சையும் சொன்னாள். டாக்டர் தாளைத் தட்டிக் காட்டினார்.

"இல்லைன்னு அவரே கையெழுத்துப் போட்டிருக்காரு பாரு. நாளைக்குக் கேஸுன்னு வந்தா இது போதும் எனக்கு."

"கேஸு கோர்ட்டுக்குப் போகும்ங்கய்யா. இவர் எங்க போவாரு?"

டாக்டரின் பேனா நின்றது. டிரைவரிடம் நம்பர் வாங்கி அவர் மனைவிக்குப் போன் போட்டார். அந்தம்மா பழைய சீட்டைத் தேடியெடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்: டைக்ளோஃபெனாக்.

"ஐபுபுரூஃபனுக்குப் பங்காளியேதான்" என்று சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்தார் டாக்டர். பாரசிட்டமால் மட்டும் எழுதினார். தாளின் தலையில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தாக விஷயத்தையும் எழுதினார். டிரைவர் பஞ்சும் கையுமாக அக்காவைக் கும்பிட்டார்.

"இனிமே நான் சீட்டு எழுதறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கேட்டு எனக்குச் சொல்லு" என்றார் டாக்டர்.

"இத்தனை நாளும் கேட்டுக்கிட்டுதானேய்யா இருந்தேன்?"

"கேட்ட. நான்தான் காதுல வாங்கல" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட அவரே எழுந்து போனார்.